செவிலியர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது செய்முறைத் தேர்வு வேண்டுமா?

கயல்விழி:

பதினான்கு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது நான்கு வருடமாக மாணவிகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

போன மாதம் பணியில் இருக்கும் செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தேன். எல்லோரும் ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள். பயிற்சிப் பொம்மையின் மூச்சை நிமிடத்துக்கு 28 என்று வைத்துவிட்டு, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பார்த்து எழுதச் சொன்னேன். நாடியும் அழுத்தமும் சரியாக வந்தன. மூச்சு எண்ணிக்கையில் பாதிக்கு மேல் 20 என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எண்ணவே இல்லை. ஒரு நோயாளி சரியப் போகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். அந்த 28-ஐ 20 என்று எழுதினால் அடுத்த ஆறு மணி நேரத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அவர்கள் எல்லோருடைய உரிமமும் செல்லுபடியானது. தேர்வு எழுதிப் பதிவெண் வாங்கிய பிறகு, ஒரு செவிலியரின் கையைப் பார்த்து "இது சரி, இது தப்பு" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலான நாடுகளில் யாருக்கும் இல்லை. புதுப்பித்தல் என்றால் படிவம், கட்டணம், சில இடங்களில் தொடர்கல்வி மணிநேரம். கறாரான முறை என்று பிரிட்டனைச் சொல்வார்கள். 2016 ஏப்ரலில் இருந்து அங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறை 450 மணி நேரப் பணி, 35 மணி நேரக் கல்வி, பணி பற்றிய ஐந்து கருத்துரைகள், ஐந்து சுயபரிசீலனைக் குறிப்புகள் என்று காட்ட வேண்டும். அந்தக் குறிப்புகளை இன்னொரு பதிவுபெற்றவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். நல்ல முறைதான். ஆனால் அதிலும் கை வேலையை யாரும் சோதிப்பதில்லை.

என் கருத்து இதுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, புதுப்பிக்கும்போது, நிலையம் நிலையமாகப் போகும் ஆஸ்கி முறையில் ஒரு செய்முறைத் தேர்வு வேண்டும். ஒரு நிலையத்தில் மருந்து அளவு கணக்கு, ஒன்றில் மூச்சுத் திணறும் நோயாளி, ஒன்றில் நெஞ்சழுத்தம் (இதயம் நின்றவரின் நெஞ்சைக் கையால் அழுத்துவது), ஒன்றில் பணி ஒப்படைப்பு. இந்த முறையை மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டியில் மருத்துவ மாணவர்களுக்காகக் கொண்டுவந்தது 1975-இல். ஐம்பது வருடமாகிவிட்டது. மாணவிக்கு வைக்கிறோம், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வார்டு சிஸ்டருக்கு வைப்பதில்லை.

இரவுப்பணி:

கயல் அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். நான் ஒன்பது வருடமாக வார்டில் இருக்கிறேன், முக்கால்வாசி இரவு டியூட்டி.

நேற்று இரவு இரண்டு பேருக்கு முப்பத்தொரு நோயாளிகள். ஒருவருக்கு ஒரு நிமிடம் நின்று மூச்சு எண்ணினால் அதுவே அரை மணி நேரம். அதற்குள் ஒரு டிரிப் முடியும், ஒருவருக்கு வாந்தி வரும், அவசரப் பிரிவில் இருந்து ஒருவரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்கள் 20 என்று எழுதியது தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கே வந்தது? எண்ணத் தெரியாமலா வந்தது? எண்ண நேரம் கிடைக்காத இடத்தில் வருடக்கணக்கில் நின்றதால் வந்தது.

உங்கள் நிலையத்தில் ஒரு நோயாளி, எட்டு நிமிடம், மணியடித்ததும் அடுத்த அறை. அங்கே நானும் எண்ணுவேன், அழகாக எண்ணுவேன். 1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் போட்டுக்காட்டிய, திறனின் நான்கு படிகள் உள்ள பிரமிடை நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்டுவேன், கடைசியில் உச்சியில் அன்றாடம் செய்கிறேன். ஆஸ்கி மூன்றாவது படி வரைதான் போகும். நோயாளி படுத்திருப்பது நான்காவது படியில்.

2014-இல் செவிலியர் பணி ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் குழு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், 300 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் சொன்னது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. முதலில் இதற்கு ஒரு தேர்வு வையுங்கள், மருத்துவமனைக்கு.

கயல்விழி:

தம்பி, அதே ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றும் அதில் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது, வருகிற ஆளுக்கு என்ன தெரியும் என்பதும் உயிரைத் தொடுகிறது.

சட்டநோக்கு:

இடையில் ஒரு சின்னத் திருத்தம். அந்த ஆய்வு சொல்வது தொடர்பைத்தான். பட்டதாரிகளை அதிகம் வேலைக்கு எடுக்கும் மருத்துவமனை வேறு பல விஷயங்களிலும் நல்ல மருத்துவமனையாக இருக்கலாம். ஆய்வாளர்கள் முடிந்தவரை அவற்றைக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள், என்றாலும் தேர்வு வைத்தால் உயிர் பிழைக்கும் என்று அதிலிருந்து நேராகக் கொண்டுவர முடியாது.

செந்தில்வேல்:

நான் இந்தத் துறை இல்லை. நோயாளியின் மகன். கோபத்தோடு எழுதவில்லை, பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு 10 யூனிட் இன்சுலின் எழுதியிருந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்கு ஆங்கில யூ எழுத்தை ஒட்டி எழுதியதில், அது இன்னொரு பூஜ்யம் மாதிரி தெரிந்திருக்கிறது. 100 யூனிட் ஏற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அம்மா வியர்த்து, பேச்சு குழறி, நினைவு போய்விட்டது. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றி, மணிக்கு மணி விரலில் குத்திப் பார்த்து மீட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்பு இருந்த தெளிவு இல்லை, இன்று வரை.

பிறகு விசாரித்தபோது எல்லோரும் சொன்னது, அந்தச் செவிலியர் முறையாகப் பதிவு பெற்றவர், உரிமம் புதுப்பித்தவர், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன என்று. எனக்கு அந்தச் செவிலியர் மேல்கூட இப்போது வெறுப்பு இல்லை, அன்று அழுதுகொண்டே நின்றார். என் கேள்வி ஒன்றுதான். அந்த உரிமம் எனக்கு என்ன உறுதியைத் தருகிறது? விமானி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிறார்கள். எங்கள் அம்மாவின் உடம்பில் ஊசி குத்துகிறவருக்கு ஏன் அது இல்லை?

இரவுப்பணி:

செந்தில் அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நாங்கள் ஒவ்வொரு இரவும் பயப்படுவது இதற்குத்தான்.

அந்த எழுத்துப் பிழை புதிதல்ல என்பதுதான் இன்னும் வேதனை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இலேயே எழுதக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. யூனிட்டுக்கு யூ என்று எழுதாதே, முழுச் சொல்லாக எழுது என்பது அதில் இருக்கிறது. பூஜ்யமாகத் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். அப்படி எழுதியவர் கையை யார் பிடித்தார்கள்? இன்சுலின் மாதிரி ஆபத்து அதிகமான மருந்தை இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. இரவில் அந்த இரண்டாவது ஆள் எங்கே?

விமானி கதைக்கு வருகிறேன். விமானிக்குச் சோதனை மட்டும் இல்லை அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எவ்வளவு ஓய்வு என்பதற்கும் சட்டம் இருக்கிறது. துணை விமானி வரவில்லை என்றால் விமானம் தரையிலேயே நிற்கும். ஒரு செவிலியர் வரவில்லை என்றால் வார்டு நிற்பதில்லை. வந்த ஒருவர் தலையில் எல்லாம் ஏறும். விமானியின் சோதனையைக் கேட்கிறவர்கள் விமானியின் பாதுகாப்பையும் சேர்த்துக் கேளுங்கள், நான் முதல் ஆளாகத் தேர்வுக்கு வருகிறேன்.

கயல்விழி:

ஆள் பற்றாக்குறையை நான் மறுக்கவே இல்லை. கலிபோர்னியாவில் 1999-இல் சட்டம் போட்டு 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், தீவிர சிகிச்சையில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது என்று. எல்லா இடத்திலும் அது வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவள் நான்.

ஆனால் செந்தில் சொன்னதில் ஒன்றைப் பாருங்கள். 100 யூனிட் என்றால் இன்சுலின் சிரிஞ்சு முழுக்க நிரம்பும், ஒரு மில்லி. சாதாரண நோயாளிக்கு நாம் அந்த சிரிஞ்சில் கீழ்ப்பக்கம் சில கோடுகள்தான் இழுப்போம். முழு சிரிஞ்சை இழுக்கும்போது கை நிற்க வேண்டும். "இது ஏன் இவ்வளவு?" என்ற கேள்வி அந்த இடத்தில் எழ வேண்டும். எழுதியது யார் என்பது அப்புறம். அந்தக் கேள்வி எழுகிறதா என்பதைப் படிவத்தால் கண்டுபிடிக்க முடியாது, பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாலும் ரொம்ப முடியாது. ஒரு தவறான மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் கேட்கும் நிலையம் இதுதான்.

பொன்னி:

எல்லோரும் பணியில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். வெளியே நிற்கும் என்னை மாதிரி ஆட்களையும் யோசியுங்கள்.

இரண்டு குழந்தைகள், மாமியாருக்குப் பக்கவாதம். ஏழு வருடம் வீட்டில். இந்த ஏழு வருடமும் கட்டணம் கட்டி என் பதிவை உயிரோடு வைத்திருந்தேன். சட்டப்படி நாளைக்கே நான் வார்டில் போய் நிற்கலாம். ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருக்கிறது.

டிரிப்பில் ஆயிரம் மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இப்போது பல இடங்களில் டிரிப்புக்கு எல்லாம் பம்பு. அதில் அலாரம் அடித்தால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரியாது. எனக்குப் பரீட்சை வைத்துத் தோற்கடித்து அனுப்பினால் நான் திரும்பி வரவே மாட்டேன். ஆறு வாரம் ஒரு அனுபவசாலியின் பக்கத்தில் நிற்க விட்டால் நன்றாகவே வருவேன். எனக்கு வேண்டியது அந்த ஆறு வாரம்.

இரவுப்பணி:

பொன்னி அக்கா சொன்னதுதான் என் மனதில் இருப்பதும். இன்னொன்று சேர்க்கிறேன். நான் எலும்பு முறிவு வார்டு. போன வாரம் டயாலிசிஸ் பிரிவில் ஆள் இல்லை என்று ஒரு இரவு அங்கே அனுப்பினார்கள். என் உரிமத்தில் வார்டு பெயர் இல்லை, அதனால் சட்டப்படி சரி. செவிலியர் கல்வியாளர் பட்ரீஷியா பென்னர் 1980-களில் புதியவர் தொடங்கி நிபுணர் வரை ஐந்து படிகள் சொன்னாரே, அதில் அவர் சொன்ன முக்கியமான விஷயம், பழக்கமில்லாத இடத்துக்குப் போனால் அனுபவசாலியும் மறுபடி புதியவர்தான் என்பது. அந்த இரவு நான் முதல் வருட மாணவன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைக்கும் எந்தத் தேர்வு அந்த இரவைப் பிடிக்கும்?

சட்டநோக்கு:

இங்கே நான்கு விஷயங்கள் ஒன்றாகக் கலக்கின்றன. பிரித்துக்கொண்டால் சண்டை கொஞ்சம் தெளியும்.

பதிவேடு என்பது யார் செவிலியர் என்று சொல்வது. உரிமம் என்பது அந்த வேலையைச் செய்ய அனுமதி. தரநிலை என்பது அந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்ற எழுத்து. திறன் என்பது இந்த ஆள், இந்த நோயாளியிடம், இன்று அதைச் செய்கிறாரா என்பது. முதல் மூன்றும் காகிதத்தில் வாழ்கின்றன. செந்தில்வேல் கேட்டது நான்காவதைப் பற்றி, அவருக்குப் பதிலாகக் காட்டப்பட்டது முதல் இரண்டும்.

இந்தத் தகராறு புதிதும் இல்லை. பிரிட்டனில் 1887-இல் எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்ற செவிலியர் ஒரு செவிலியர் சங்கம் தொடங்கிப் பதிவேடு வேண்டும் என்று கேட்டபோது, கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். ஒருவர் தேர்வில் வென்று பெயர் எழுதிக்கொண்டதால் நல்ல செவிலியர் ஆகிவிட மாட்டார், குணத்தையும் அன்றாட வேலையையும் பதிவேடு அளக்காது என்பது அவர் வாதம். ஃபென்விக் பக்கம் சொன்னது, எந்தப் பயிற்சியும் இல்லாதவர் செவிலியர் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருவதை வேறு எப்படித் தடுப்பது என்று. நியூசிலாந்து 1901-இலேயே சட்டம் போட்டுவிட்டது. பிரிட்டனில் சட்டம் வர 1919 ஆனது. அந்தப் பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக்குக்கு. ஆரம்பகாலச் சட்டங்கள் பலவும் பட்டப்பெயரை மட்டும்தான் காத்தன. பதிவில்லாதவர் பதிவுபெற்ற செவிலியர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது, ஆனால் அதே வேலையைச் செய்யலாம். உரிமம் இல்லாமல் வேலையே செய்யக் கூடாது என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் நிறைவேற்றியது நியூயார்க், 1938-இல்.

என் பார்வையில் இருவரும் சரி. ஃபென்விக் அடித்தளத்தைப் போட்டார். நைட்டிங்கேல் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

காகிதத் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சமீபத்து உதாரணம் ஒன்று. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் சில செவிலியர் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களை விற்றது வெளியே வந்தது. வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தேசிய உரிமத் தேர்வில் தேறியும்விட்டார்கள். தேவையான மணிநேரம் நோயாளியின் அருகில் நிற்காமலே உரிமத் தேர்வைத் தாண்ட முடிகிறது.

கயல்விழி:

இதைத்தான் நானும் சொல்கிறேன்! அந்த அமெரிக்க உரிமத் தேர்வு மோசமானதும் இல்லை. 1994-இல் இருந்து கணினி, விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியைக் கடினமாகவோ எளிதாகவோ மாற்றும் முறை. 2023 ஏப்ரலில் இருந்து நோயாளியின் கதையைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகளும் சேர்ந்துவிட்டன. அவ்வளவு கவனமாகச் செய்த தேர்வே கையை அளக்க முடியவில்லை.

வெளிநாட்டில் படித்த செவிலியர் பிரிட்டனுக்குப் போனால் கணினித் தேர்வு முடித்து, அப்புறம் பத்து நிலையங்கள் உள்ள ஆஸ்கி. இருபது வருட அனுபவம் இருந்தாலும் செய்து காட்டு என்கிறார்கள். அப்படியென்றால் செய்து காட்டுவதில்தான் நம்பிக்கை என்று அவர்களுக்கும் தெரிகிறது. சொந்த ஆட்களிடம் கேட்கத்தான் தயக்கம்.

இரவுப்பணி:

அக்கா, தயக்கம் இல்லை, பயம். அதைச் சொல்லிவிடுகிறேன்.

தேர்வாளர் யார்? எங்கள் மேற்பார்வையாளரா? என் முதல் வேலையில், கூடுதல் ஷிஃப்ட்டுக்கு மறுத்த ஒரு பெண்ணுக்கு வருடாந்திர மதிப்பீட்டில் "மருந்து கொடுப்பதில் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். அவள்தான் அந்த வார்டிலேயே கவனமானவள். அப்படிப்பட்ட கைக்கு உரிமத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? வேலை போனால் வேறு மருத்துவமனை பார்க்கலாம். உரிமம் போனால் தொழிலே போய்விடும்.

சட்டநோக்கு:

இரவுப்பணியின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் டென்னசியில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு செவிலியர் நோயாளிக்கு மயக்கம் தரும் வெர்செட் என்ற மருந்தைக் கொடுக்க வேண்டும். மருந்துப் பெட்டக இயந்திரத்தில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியிருக்கிறார், மருந்து வேறு பெயரில் பதிவாகியிருந்ததால் வரவில்லை. தடையைத் தாண்டி எடுக்கும் வழியில் போனபோது, அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம் வந்திருக்கிறது. தசைகளை முடக்கும் மருந்து. மூடியிலேயே எச்சரிக்கை இருந்தும் கவனிக்கவில்லை. நோயாளி இறந்துவிட்டார். அந்தச் செவிலியர் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டார். உரிமத் துறை முதலில் நடவடிக்கை வேண்டாம் என்றது, பிறகு 2021-இல் உரிமத்தைப் பறித்தது. 2022-இல் குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளி என்றது, மூன்று வருட நன்னடத்தைக் காவல்.

ஒப்புக்கொண்டவருக்கு இதுதான் கதி என்றால் அடுத்தவர் ஏன் வாய் திறப்பார் என்று உலகம் முழுக்கச் செவிலியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கயல்விழி:

அந்தச் சம்பவத்தில் எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது. குற்றவியல் வழக்கு ஆக்கியது தப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் எச்சரிக்கை எழுதிய மூடியைப் படிக்காமல் திறந்ததும், பொடியாக வந்த மருந்தைக் கரைக்கும்போது "வெர்செட் திரவமாகத்தானே வரும்" என்று கை நிற்காததும் திறன் பிரச்சினைதான். அதை ஒரு மனிதர் இறந்த பிறகுதான் கண்டுபிடிக்க வேண்டுமா?

செந்தில்வேல்:

தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன். உங்கள் பேச்சில் சில நேரம் நோயாளி காணாமல் போகிறார்.

பொன்னி:

செந்தில் தம்பி சொன்னது சுருக்கென்று இருந்தது. சரி.

கயல் அக்காவிடம் ஒரு கேள்வி. நெஞ்சழுத்தப் பயிற்சியில் சான்றிதழ் பொதுவாக இரண்டு வருடம் செல்லும். ஆனால் மூன்று முதல் ஆறு மாதத்திலேயே கை மறந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று வாயால் எல்லோரும் சொல்கிறோம், பொம்மையில் அழுத்தினால் 4-க்கு மேல் போவதில்லை. அப்படியிருக்க ஐந்து வருடத்துக்கு ஒரு பெரிய தேர்வு எதைக் காப்பாற்றும்? தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லோரும் பழகிக்கொண்டு வருவார்கள்.

கயல்விழி:

பொன்னி, இந்தக் கேள்வியை நேற்று இரவு முழுக்க யோசித்தேன். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஐந்து வருடத் தேர்வு என்பதை நான் கைவிடுகிறேன். மாணவிகளுக்கு வைத்துப் பழகியதால் எனக்குத் தேர்வு என்றால் மண்டபம்தான் தோன்றுகிறது.

வேறு மாதிரி வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வார்டிலேயே, பணி நேரத்திலேயே, பதினைந்து நிமிடம். ஒரு முறை நெஞ்சழுத்தம், அடுத்த முறை மருந்துச் சீட்டு, அடுத்த முறை மூச்சு. பார்ப்பவர் அதே மருத்துவமனையின் மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது, செவிலியர் பதிவு மன்றம் பயிற்சி கொடுத்து அனுப்பும் வெளி ஆளாக இருக்க வேண்டும். சரியாக வராவிட்டால் அங்கேயே சொல்லிக்கொடுத்து, இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வார்டு மாற்றி அனுப்பினால் அந்த வார்டுக்கான பதினைந்து நிமிடம் முடியாமல் தனியாக நிற்க விடக் கூடாது. பொன்னி மாதிரி திரும்பி வருபவர்களுக்கு அந்த ஆறு வாரம், சம்பளத்தோடு.

ஆனால் ஒன்றை விட மாட்டேன். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தும் சிரிஞ்சு நிரம்பும்போது கை நிற்காத ஒருவர் இருந்தால், அது உரிமத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் செந்திலுக்கு நாம் சொல்ல ஒன்றும் இல்லை.

இரவுப்பணி:

வார்டிலேயே, வெளி ஆள், சொல்லிக்கொடுப்பது முதலில். இதற்கு நான் சம்மதம். நெருக்கடியான இரவில் வந்து பாருங்கள், பகல் பதினொரு மணிக்கு வராதீர்கள்.

ஒரு நிபந்தனை. அவர் நிரப்பும் தாளின் முதல் வரியில் என் பெயர் வரும் முன், அந்த நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், நான் தொடர்ந்து எத்தனையாவது மணி நேரமாக நிற்கிறேன் என்று எழுத வேண்டும். அந்தத் தாள் மன்றத்துக்குப் போகும்போது மருத்துவமனையின் அனுமதியைப் புதுப்பிக்கும் துறைக்கும் ஒரு பிரதி போக வேண்டும். நான் 28-ஐ 20 என்று எழுதினேன் என்றால், ஒருவர் பதினைந்து பேரைப் பார்த்துக்கொண்டு பதினோராவது மணியில் எழுதினேன் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கயல்விழி:

எழுதலாம். எழுதவும் வேண்டும். ஆனால் மூன்று நோயாளிகள் இருந்த இரவிலும் 20 என்று எழுதியிருந்தால், அதுவும் அதே தாளில் தெரியும் தம்பி.

இரவுப்பணி:

தெரியட்டும் அக்கா.

சட்டநோக்கு:

நீங்கள் இருவரும் ஒத்துப்போன இடத்தில்தான் எனக்குக் கவலை. அந்தத் தாளை நாளைக்கு ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்டால் கொடுக்க வேண்டுமா? கொடுக்க வேண்டும் என்றால் பார்க்க வந்தவர் உண்மையை எழுத மாட்டார், எல்லாத் தாளிலும் "திருப்தி" என்று இருக்கும். கொடுக்க வேண்டியதில்லை என்றால் செந்தில்வேல் தன் அம்மாவுக்கு நடந்ததை ஒருபோதும் முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. பல நாடுகளில் பதிவேட்டைப் பொதுமக்கள் பெயரைத் தட்டிப் பார்க்கலாம், உரிமம் செல்லுமா, கட்டுப்பாடு இருக்கிறதா என்று. அதற்கு மேல் இந்தத் தாளில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்று முதலில் முடிவு செய்யாமல் இதைத் தொடங்கக் கூடாது.

செந்தில்வேல்:

என் பக்கத்தைச் சொல்கிறேன். செவிலியரின் பெயர் எனக்கு வேண்டாம். அந்த இரவு அந்த வார்டில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள், எத்தனை பேர் பார்த்துக்கொண்டார்கள், அந்த ஊசியை இரண்டாவது ஆள் சரிபார்த்தாரா இல்லையா என்ற மூன்றும் எனக்கு வேண்டும். மூன்று வருடமாகக் கேட்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.